கடல் ரீல்: நரம்பை விட்டுக்கொடுக்கத் தெரிந்த கருவி

10 கிலோ தாங்கும் தூண்டில் நரம்பில் 15 கிலோ மீனைப் பிடிக்க முடியும். அதற்கு மேலும் முடியும். மீன் இழுக்கும் இழுப்பு 3 கிலோவைத் தாண்டும்போது, தூண்டில் கம்பில் நரம்பைச் சுற்றிவைக்கும் கருவியான ரீல் நரம்பை விட வேண்டும். இழுப்பு தளர்ந்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும். நரம்பின் மேல் 3 கிலோவுக்கு மிகுந்த சுமை விழாதபடி பார்த்துக்கொண்டால், நரம்பின் பலத்தைவிடக் கனமான மீனும் களைத்துக் கரைக்கு வரும். இந்த விட்டுக்கொடுக்கும் வேலையைச் செய்யும் பகுதிக்கு டிராக் என்று பெயர். புதிதாக ரீல் வாங்கப் போகிறவர்கள் பேரிங் எத்தனை, நிறம் என்ன, எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்றுதான் கேட்கிறார்கள். கடலில் முதலில் கேட்க வேண்டியது டிராக்கைப் பற்றி. அடுத்து, உப்பை அந்த ரீல் எப்படித் தாங்கும் என்று கேளுங்கள்.

டிராக் எப்படி வேலை செய்கிறது

நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைக் கழற்றி உள்ளே பார்த்தால் வட்ட வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒன்று உலோகம், அடுத்தது உராயும் பொருள், மறுபடி உலோகம். உலோகத் தட்டுகளில் சில ஸ்பூலோடு சேர்ந்து சுழலும். மற்றவை நடுத்தண்டோடு பூட்டப்பட்டு அசையாமல் நிற்கும். முன்னால் இருக்கும் திருகை இறுக்கினால் இந்த அடுக்கு நெருக்கப்படும், உராய்வு கூடும், ஸ்பூல் சுழல அதிக இழுப்பு தேவைப்படும். சைக்கிள் பிரேக்கைப் போன்றதுதான்.

உராயும் வாஷர் கம்பளித் துணியாகவோ கார்பன் இழையாகவோ இருக்கும். கம்பளி மென்மையாக வழுக்கும். சிறிய மீன்களுக்குப் போதும். ஆனால் உராய்வு என்றாலே சூடு. 5 கிலோ டிராக்கில் ஒரு மீன் 100 மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடினால் அந்தச் சிறிய அடுக்குக்குள் ஏறக்குறைய 5000 ஜூல் வெப்பம் பிறக்கிறது. கம்பளி அந்தச் சூட்டில் கருகி இறுகிவிடும். கார்பன் தாங்கும். பாரை, சூரை, வஞ்சிரம் போன்ற ஓட்டக்கார மீன்கள் உள்ள நீரில் கார்பன் வாஷர் இல்லாத ரீலை வாங்க வேண்டாம்.

பெட்டியில் 'அதிகபட்ச டிராக் 10 கிலோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். திருகை முழுக்க இறுக்கினால் கிடைக்கும் எண் அது. அந்த நிலையில் பல ரீல்கள் நரம்பைச் சீராக விடுவதில்லை. உங்களுக்குத் தேவை 3 கிலோ என்றால், அந்த 3 கிலோவில் டிராக் வழுவழுப்பாக இருக்கிறதா என்பதே கேள்வி. கடையிலேயே சோதிக்கலாம்: டிராக்கை நடுத்தரமாக இறுக்கி, நரம்பைக் கையால் மெதுவாக இழுங்கள். ஸ்பூல் சட்டென்று நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். நின்றிருக்கும் வாஷரை நகர்த்துவதற்கு, நகர்ந்துகொண்டிருக்கும் வாஷரை நகர்த்துவதைவிட அதிக விசை வேண்டும். மோசமான ரீலில் இந்த வித்தியாசம் பெரிது. மீன் தலையை உதறும் அந்த முதல் நொடியில் நரம்பு அறுவது பெரும்பாலும் இதனால்தான்.

டிராக்கை அளந்து வையுங்கள்

கையால் இழுத்துப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதை நம்ப முடியாது. இழுப்பு எத்தனை கிலோ என்று கையால் துல்லியமாகச் சொல்ல முடியாது. தொங்கு தராசு ஒன்று போதும்.

நரம்பைக் கம்பின் வளையங்கள் வழியாகக் கோத்து, நுனியில் முடிச்சிட்டுத் தராசின் கொக்கியில் மாட்டுங்கள். ஒருவர் தராசைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் கம்பை 45 பாகை அளவுக்கு உயர்த்தி, மீனோடு மல்லுக்கு நிற்பதுபோல வளைத்துப் பிடியுங்கள். ஸ்பூல் வழுக்கத் தொடங்கும்போது தராசு காட்டும் எண்ணைப் படியுங்கள். ரீலிலிருந்து நேராக இழுத்து அளந்தால் எண் குறைவாக வரும். வளைந்த கம்பின் வளையங்களில் நரம்பு உராய்வதால் உண்மையான சுமை கூடும். மீன் உணர்வதும் அந்தச் சுமையைத்தான். அதனால் கம்போடு சேர்த்தே அளக்க வேண்டும்.

அந்த எண் நரம்பின் அறுபடும் எடையில் கால் பங்கிலிருந்து 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 10 கிலோ நரம்புக்கு 2.5 முதல் 3 கிலோ. நரம்பின் நுனியில் தூண்டில்முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு, அதாவது லீடர், மெல்லியதாக இருந்தால் லீடரைக் கணக்கில் எடுங்கள்; முழு வரிசையில் எது பலவீனமோ அதுதான் அளவுகோல். மீதி 70 சதவீதத்தை ஏன் சும்மா விடுகிறோம் என்று தோன்றும். முடிச்சு போட்ட இடத்தில் நரம்பின் பலம் குறைந்திருக்கும், மீன் உதறும்போது சுமை திடீரென்று ஏறும், தண்ணீரில் நீளமாகக் கிடக்கும் நரம்பைத் தண்ணீரே இழுக்கும். மீதி அத்தனையும் இவற்றுக்குச் சரியாகிவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஸ்பூல் காலியாகக் காலியாக டிராக் தானாகவே இறுகும். திருகை நீங்கள் தொட்டிருக்கவே மாட்டீர்கள். வாஷர் கொடுக்கும் திருப்புவிசை மாறுவதில்லை, ஆனால் நரம்புச் சுருளின் விட்டம் சுருங்குகிறது. சிறிய வட்டத்தை அதே திருப்புவிசைக்கு எதிராகச் சுழற்ற அதிக இழுப்பு வேண்டும். சுருளின் விட்டம் பாதியாகிவிட்டால் டிராக் இரண்டு மடங்கு. தொடக்கத்தில் 3 கிலோவாக இருந்தது அப்போது 6 கிலோ. மீன் வெகுதூரம் ஓடிவிட்டது என்று பதறி அந்த நேரத்தில் திருகை இன்னும் இறுக்குகிறவர்கள்தான் அதிகம். அறுப்பது மீன் இல்லை, அந்தத் திருகு. தூரத்தில் இருக்கும் மீனுக்கு டிராக்கைச் சற்றுத் தளர்த்துவதே முறை.

எந்த வகை ரீல்

தொடங்குகிறவருக்கு ஸ்பின்னிங் ரீல். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கம்புக்குக் கீழே தொங்கும், வீசும்போது ஸ்பூல் அசையாமல் நிற்கும், நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகும். கரையிலிருந்து வீசவும் செயற்கை இரை ஓட்டவும் படகிலிருந்து இறக்கவும் ஒரே ரீல் உதவும். கைப்பிடியை இடப்பக்கமோ வலப்பக்கமோ மாற்றிக்கொள்ளலாம்.

கம்புக்கு மேலே உட்காரும் ஓவர்ஹெட் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை விடும், சுற்றும். அதிக நரம்பு கொள்ளும், ஆழத்தில் கிடக்கும் களவாவைத் தூக்கவும் படகின் பின்னால் இரையை இழுத்துச் செல்லவும் வலுவானது. இதில் கைப்பிடிக்கு அருகே நட்சத்திர வடிவச் சக்கரத்தால் இறுக்குவது ஒரு வகை. நெம்புகோலால் இறுக்குவது இன்னொன்று. அதில் முன்கூட்டியே அளந்து வைத்த நிலைக்கு நெம்புகோலை ஒரே தள்ளில் கொண்டுவரலாம். பெரிய மீன் பிடிப்பவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்.

இதே குடும்பத்தின் சிறிய உறுப்பினர் பெய்ட்காஸ்டர். துல்லியமாக வீசலாம், ஆனால் பழக நாளாகும். இரை காற்றில் வேகம் குறையும்போதும் ஸ்பூல் முன்போலவே சுழன்றுகொண்டிருந்தால் நரம்பு பறவைக்கூடுபோலச் சிக்கிக்கொள்ளும். இரையைக் கம்பின் நுனியில் தொங்கவிட்டு, பக்கத்துத் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். இரை நிதானமாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றால் அளவு சரி. அதற்கு மேல் கட்டைவிரல்தான் பிரேக்.

அளவும் எண்களும்

ஸ்பின்னிங் ரீல்களில் 2500, 4000, 8000 என்று எண் இருக்கும். இது ரீலின் உருவ அளவைச் சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் 4000 இன்னொரு நிறுவனத்தின் 5000-க்குச் சமமாக இருக்கலாம், ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் நரம்புக் கொள்ளளவைப் படியுங்கள். பொதுவாக, கழிமுகங்களிலும் அமைதியான கரைகளிலும் மெல்லிய நரம்போடு 2500 முதல் 3000 வரை. கொடுவா, நடுத்தரப் பாரை என்று கலந்து பிடிக்க 4000 முதல் 5000 வரை. பாறைக் கரையிலும் படகிலும் பெரிய மீனுக்கு 6000 முதல் 8000 வரை. பெரும் பாரைக்கும் பெரும் சூரைக்கும் 14000-க்கு மேல். அதைத் தொடங்குகிறவர் இப்போது நினைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு ரீல்தான் வாங்குவேன் என்றால் 4000 அல்லது 5000 வாங்குங்கள்.

ஸ்பூலில் '0.35 மி.மீ. – 200 மீ.' என்று பொறித்திருந்தால் அது மோனோ எனப்படும் ஒற்றை இழை நரம்புக்கான கணக்கு. வேறு தடிமனுக்கு நீங்களே கணக்கிடலாம். நீளம், தடிமனின் வர்க்கத்துக்கு எதிராக மாறும். 0.20 மி.மீ. பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு சுற்றுவதென்றால் 0.35-ஐ 0.20-ஆல் வகுத்து (1.75) அதை அதனாலேயே பெருக்கினால் சுமார் 3.06, 200 மீட்டரை அதனால் பெருக்க 612 மீட்டர். பிரெய்டு அதே பலத்துக்கு மோனோவைவிட வெகு மெல்லியது. அதனால்தான் முன்பு பெரிய ரீல் செய்த வேலையை இப்போது சிறிய ரீல் செய்கிறது.

கியர் விகிதம் 5.2:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு, ஸ்பூலைச் சுற்றி ஓடி நரம்பைச் சுற்றும் பகுதியான ரோட்டார் 5.2 முறை சுழலும். சுருளின் விட்டம் 5 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 15.7 செ.மீ. நரம்பு, 5.2 மடங்குக்குச் சுமார் 82 செ.மீ. இதுவே 6.2:1 என்றால் 97 செ.மீ. இரையை வேகமாக ஓட்ட அதிக விகிதம் நல்லது. கனமான மீனை ஆழத்திலிருந்து தூக்கக் குறைந்த விகிதம் கைக்கு இலேசாக இருக்கும். முதல் ரீலுக்கு இரண்டுக்கும் நடுவே எது கிடைத்தாலும் பரவாயில்லை.

பேரிங் எண்ணிக்கை தரத்தின் அளவுகோல் இல்லை. துருப்பிடிக்காத நான்கு நல்ல பேரிங், மலிவான பத்தைவிட மேல். உடல் உலோகமா கலவைப் பிளாஸ்டிக்கா என்பது முக்கியம். பிளாஸ்டிக் உடலை உப்பு அரிக்காது, ஆனால் பெரும் சுமையில் சற்று நெளியும். நெளிந்தால் உள்ளே கியர் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் தேயும். 4000-க்கு மேற்பட்ட அளவில் அலுமினிய உடல் வாங்குங்கள். கைப்பிடி நேரடியாகக் கியருக்குள் திருகப்படும் வகையாக இருந்தால் ஆட்டம் இருக்காது.

நீர்புகாமை எண்களும் சில ரீல்களில் உண்டு. ஐபிஎக்ஸ் 6 என்றால் பலமான நீர்வீச்சைத் தாங்கும். ஐபிஎக்ஸ் 8 என்றால் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மூழ்கியிருப்பதைத் தாங்கும். அலை தெறிக்கும் பாறையிலோ இடுப்பளவு நீரிலோ நின்று மீன் பிடிப்பவருக்கு இந்தச் செலவு வீண் இல்லை.

நரம்பு சுற்றும்போது

பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால், மீன் இழுக்கும்போது மொத்தச் சுருளும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு போய்க்கொண்டே இருக்கும். ரீல் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பழுது ரீலில் இல்லை. அடியில் பத்துச் சுற்று மோனோவைச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டை முடிந்து தொடருங்கள்.

சுற்றும்போது ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இழுவை கொடுங்கள். தொளதொளவென்று சுற்றிய பிரெய்டில், பின்னால் சுமை விழும்போது மேல் சுற்று அடிச் சுற்றுகளுக்குள் புதையும். அடுத்த வீச்சில் அது பாதியில் சிக்கி இரை அறுந்து பறக்கும்.

ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். குறைவாக இருந்தால் நரம்பு விளிம்பில் உரசி வீச்சுத் தூரம் குறையும். நிறைந்து வழிந்தால் பல வளையங்கள் ஒன்றாகக் கழன்று காற்றிலேயே முடிச்சு விழும். மோனோ சுற்றும்போது நரம்பு உருளையைத் தரையில் படுக்கவைத்துப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். சுருண்டு முறுக்கிக்கொண்டால் உருளையை மறுபக்கம் திருப்பிப் போடுங்கள்.

வீசுவதும் சுற்றுவதும்

ஆள்காட்டி விரலில் நரம்பைப் பிடித்து, சுற்றும்போது நரம்பைப் பிடித்து ஸ்பூலுக்குக் கொண்டுசெல்லும் மடக்குக் கம்பியான பெயிலைத் திறந்து, வீசும்போது விரலை விடுங்கள். இரை நீரைத் தொட்டதும் பெயிலைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூட வேண்டாம். மூடியதும் நரம்பை விரலால் ஒருமுறை இழுத்து, பெயிலின் ஓரத்தில் உள்ள சிறு உருளையான லைன் ரோலரில் உட்காரவைத்த பிறகே சுற்றத் தொடங்குங்கள். கைப்பிடியால் மூடும்போது முதல் ஓரிரு சுற்று தொய்வாக ஏறும்; அந்தத் தொய்வு பத்து வீச்சுக்குப் பிறகு ஒரு பெரிய சிக்காக வெளியே வரும்.

மீன் மாட்டியதும் எல்லோரும் செய்யும் தவறு, மீன் நரம்பை இழுத்து ஓடும்போதே கைப்பிடியைச் சுற்றுவது. ஸ்பூல் வழுக்கிக்கொண்டிருக்கும்போது சுற்றினால் ஒரு சென்டிமீட்டர் நரம்பும் உள்ளே வராது. மாறாக, ரோட்டார் சுழலும் ஒவ்வொரு முறையும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். 5.2:1 ரீலில் கைப்பிடியை இருபது முறை சுற்றினால் நூற்றுக்கும் மேற்பட்ட முறுக்கு. அடுத்த முறை வீசும்போது நரம்பு தானாகவே சுருண்டு கிடக்கும். மீன் ஓடினால் கையை நிறுத்துங்கள். டிராக் தன் வேலையைச் செய்யட்டும்.

மீன் நின்றதும் கம்பை நிதானமாக மேலே தூக்குங்கள். தூக்கும்போது சுற்ற வேண்டாம். பிறகு கம்பைத் தாழ்த்தியபடியே, நரம்பு தொய்யாமல் வேகமாகச் சுற்றுங்கள். மீனைத் தூக்குவது கம்பு. கிடைத்த நரம்பைச் சேர்த்துவைப்பதுதான் ரீல். கம்பைச் செங்குத்துக்கும் அப்பால் பின்னால் சாய்த்தால் சுமை முழுவதும் மெல்லிய நுனியில் விழுந்து கம்பு ஒடியும்.

உப்பு

அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் அதன் கவசம். கடல்நீரின் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. அதோடு, அலுமினிய உடலில் எஃகுத் திருகு பதிந்திருக்கும் இடத்தில் உப்புநீர் தேங்கினால் இரு உலோகங்களுக்கும் இடையே ஒரு சிறு மின்கலம் உருவாகி அலுமினியம் கரையத் தொடங்கும். திருகைச் சுற்றி வெள்ளை மாவாகப் படிவது அதுதான். காய்ந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ண முடியாது. உப்புப் படிகம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மறுபடி ஈரமாகும். அலமாரிக்குள் இருக்கும் ரீலும் அரிக்கும்.

கடலிலிருந்து வந்த அன்றே கழுவ வேண்டும். முதலில் டிராக் திருகை இறுக்குங்கள், வாஷருக்குள் நீர் போகாது. பூவாளியில் விழுவதுபோன்ற மென்மையான நன்னீரில் ஒரு நிமிடம், கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே நனைத்தெடுங்கள். லைன் ரோலர், பெயில் மடங்கும் இடம், கைப்பிடிக் குமிழ் ஆகிய மூன்றையும் விடாதீர்கள். குழாயை அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். வெளியே இருந்த உப்பு பேரிங்குக்குள் புகும். நீர்புகாமை இல்லாத ரீலை வாளியில் மூழ்கவைப்பதும் அதே தவறு. நரம்பிலும் உப்பு இருக்கிறது, ஸ்பூலைத் தனியே கழற்றி அலசுங்கள். உதறி, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். கடைசியாக டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். மாதக்கணக்கில் இறுகியே கிடந்த வாஷர் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். சட்டென்று நகர்ந்து நின்று நகரும் டிராக் பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது.

ரீல் மணலில் விழுந்தால் கைப்பிடியைச் சுற்றிப் பார்க்காதீர்கள். முதலில் நன்னீரில் அலசுங்கள். ஒரே ஒரு மணல் கியர் பற்களுக்கு நடுவே சிக்கினாலும் அந்தக் கரகரப்பு பிறகு போகாது.

எண்ணெயும் கிரீஸும் இடம் மாறக் கூடாது. பேரிங், லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ் ஆகியவற்றுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. கியருக்குக் கிரீஸ். கார்பன் டிராக் வாஷருக்கு அதற்கென்றே விற்கும் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சு மட்டும். சாதாரண எண்ணெய் பட்டால் டிராக் கெடும். கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் ஒருவழிக் கிளட்சுக்குள் கிரீஸ் போனால், அதன் சிறு உருளைகள் வழுக்கி, மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சுழன்று விரலில் அடிக்கும். காந்த எண்ணெயால் அடைக்கப்பட்ட ரீல்களை நீங்களே திறந்து எண்ணெய் விடாதீர்கள். உள்ளே இருக்கும் சிறப்பு எண்ணெய் கலைந்து அடைப்பே போய்விடும். மற்ற ரீல்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள்.

முதலில் கெடுவது லைன் ரோலர். விரல்நுனி அளவுள்ள அந்த உருளையின் வழியாகத்தான் உப்புநீர் ஊறிய நரம்பு முழுவதும் போகிறது. அது சிக்கி நின்றுவிட்டால் நரம்பு அதன் மேல் உரசி வாள்போல ஒரு பள்ளம் அறுக்கும், பிறகு அந்தப் பள்ளம் நரம்பை அறுக்கும். காரணமே தெரியாமல் நரம்பு சொரசொரப்பாகிறது, முறுக்கேறுகிறது, சுற்றும்போது கீச்சென்று சத்தம் வருகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். பழைய ரீல் வாங்கப் போகும்போதும் அப்படித்தான்: நரம்பைச் சற்று இழுவையோடு மெதுவாகச் சுற்றியபடி ரோலர் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலவில்லை என்றால், அதை வைத்திருந்தவர் ரீலைக் கழுவவில்லை. உள்ளே இருக்கும் பேரிங்குகளின் நிலையும் அதேபோலத்தான் இருக்கும்.